அப்பாவின் செவியும் நூற்றுப்பத்து வரிகளும்

சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதை நெறியாளரிடம் மூன்று வரிகளில் சொல்லிவிட்டேன். மூன்று வரிகளில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூரு சிவாஜிநகரில். பழைய ஆவணங்களில் இப்பகுதிக்குப் பிளாக்பள்ளி என்று பெயர். 1809இல் ஆங்கிலேயர் தண்டு அமைத்தபோது அதைச் சார்ந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பல; எங்களுடையதும் வடார்க்காட்டிலிருந்து வந்ததுதான். 1927இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட தெருக்களில் ஒரே வாக்கியத்துக்குள் தமிழும் தக்கினியும் கன்னடமும் வந்து போகும். இரும்புக் கடைகள், பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிகளை விற்கும் கடைகள், பட்டறைகள் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு சந்தில் அப்பாவின் பட்டறை இருக்கிறது. இரண்டு கார்கள் நின்றால் மூன்றாவதற்கு இடமில்லை. தக்கினி பேசும் பையன்கள் அவரை 'உஸ்தாத்' என்பார்கள். தமிழ் வாடிக்கையாளர்கள் 'மேஸ்திரி' என்பார்கள். வயது அறுபத்தொன்று. தொழிலுக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அப்பாவின் கருவி ஒரு நீண்ட திருப்புளி. அதன் முனையை எஞ்சினின் உடம்பில் வைத்து, மரப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த வால்வு தளர்ந்திருக்கிறது, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அவர் சொல்லித் தந்த ஒன்று இன்றும் நினைவிலிருக்கிறது: "எஞ்சினுக்குள்ள கடுகு தாளிக்கிற சத்தம் வந்தா, அந்த நொடியே கால எடுத்துடணும்மா." அந்தக் கடுகுச் சத்தத்தை வைத்துத்தான் இந்தப் பதிவு முழுவதும்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் தன் பழைய 1.3 லிட்டர் பெட்ரோல் காருடன் வந்தார். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக அதைத் தயார் செய்ய வேண்டும் என்றார். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமான அத்தடம் 1990இல் வந்தது. அதற்கு முன் பந்தயங்கள் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்தன. அப்பா இளவயதில் யாருக்கோ எடுபிடியாகச் சோழவரம் போய்வந்தவர். அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மலரும். ஒப்புக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் காரில் பழைய கார்புரேட்டர் இல்லை. கேம்ஷாஃப்டை மாற்றி, எரிபொருள் செலுத்தும் அமைப்பையும், நம் விருப்பப்படி எழுதிக்கொள்ளக்கூடிய தனிக் கணினி ஒன்றையும் பொருத்தியிருந்தார்கள். திருக வேண்டிய திருகாணி எதுவும் இல்லை. மடிக்கணினியில் கட்டங்கள் நிறைந்த ஓர் அட்டவணை மட்டும்தான். அப்பா சிறிது நேரம் அதைப் பார்த்துவிட்டு, "நீ தினமும் கம்ப்யூட்டர்ல கோடு கோடா எதையோ பாத்துட்டு இருக்கியே, இதையும் பாரு" என்றார்.

நான் பார்ப்பது ஒலிக்கோடுகள். முதுகலையில் மொழியியல் படித்தேன்; முனைவர் பட்டத்துக்கு சிவாஜிநகர்த் தமிழரின் பேச்சில் தக்கினி, உருதுச் சொற்கள் வழியாக வந்த ஸகர, ஷகர ஒலிகளை ஆராய்கிறேன். பிராட் என்னும் மென்பொருளில் ஒவ்வொரு சொல்லின் அலைவடிவத்தையும் நிறமாலையையும் விரித்து, மில்லிநொடி கணக்கில் வெட்டி அளப்பது என் அன்றாட வேலை. எஞ்சின் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் நேரத்தோடு ஓடும் எண்களைப் படிக்கத் தெரியும். ஒரு மாதம் படித்தேன்.

கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மிதியை மெதுவாக அழுத்தி ஓட்டும்போது காரின் கணினி புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரியைக் கேட்டுக் கேட்டுத் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். மிதியை முழுதாக அழுத்தியதும் பெரும்பாலான எஞ்சின்களில் அந்த உரையாடல் நின்றுவிடுகிறது. அட்டவணையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்கும். எழுதியது தவறென்றால் தவறுதான் நடக்கும், அதுவும் வெப்பமும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கும்போது. எனவேதான் முழு மிதியில் எஞ்சின் என்ன செய்தது என்பதை வரிவரியாகப் பதிவு செய்து, பிறகு உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பொதுச்சாலையில் செய்யக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் ஓட்டுவதையும் வேகச் சோதனை செய்வதையும் குற்றமாக்குகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மனிதர் நடக்கும் சாலை அதற்கான இடமன்று. நாங்கள் நகருக்கு வெளியே ஒரு டைனோ கூடத்தை வாடகைக்கு எடுத்தோம். காரின் சக்கரங்கள் உருளைகளின்மேல் சுழலும். கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இப்படிப் பதிவு செய்யும் வழக்கம் காரைவிட மூத்தது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1796இல், ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன், நீராவி எஞ்சினின் உள்ளழுத்தம் ஒரு பென்சிலை நகர்த்தித் தாளில் கோடு வரையும்படி ஒரு கருவியை அமைத்தார். வாட்டின் நிறுவனம் அதைப் பல ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தது. எஞ்சின் தன்னைப் பற்றித் தானே எழுதிய முதல் வரிகள் அவை என்று சொல்லலாம்.

எங்கள் பதிவில் ஒவ்வொரு வரியிலும் சுழற்சி வேகம், உள்வாங்கும் குழலின் அழுத்தம், காற்றின் வெப்பம், எரிபொருள் அழுத்தம், பொறி முன்கோணம், லாம்டா, தட்டல் உணரியின் மின்னழுத்தம் ஆகியவை இருந்தன. நொடிக்குப் பத்து வரிகள். நான்காம் கியரில் 2,000 சுழற்சியிலிருந்து 6,500 வரை போக ஏறத்தாழ பதினோரு நொடி. எனவே ஓர் ஓட்டத்துக்கு நூற்றுப்பத்து வரிகள்.

இவற்றில் லாம்டா எனக்கு உடனே பிடித்துப்போனது. ஒரு கிலோ கலப்பற்ற பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்தால் இந்த எண் மாறும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு அது 13.5க்கு அருகே. லாம்டாவோ எந்த எரிபொருளானாலும் 'தேவையான காற்றுக்கு உண்மையில் கிடைத்த காற்று எத்தனை மடங்கு' என்ற விகிதத்தை மட்டும் சொல்கிறது. சரியாகப் பொருந்தினால் 1. குழந்தையின் 'ஆ'வும் கிழவரின் 'ஆ'வும் அதிர்வெண்ணில் வேறாக இருந்தாலும் இரண்டையும் 'ஆ' என்று ஒப்பிட நாங்கள் செய்யும் இயல்பாக்கம் இதேதான். முழு மிதியில் இத்தகைய எஞ்சினுக்கு 0.86, 0.87 போல எரிபொருள் சற்று மிகுந்திருப்பது நல்லது. திறனும் கிடைக்கும், எரியறையும் குளிரும்.

இன்னொன்றும் பழக்கப்பட்டதாக இருந்தது. லாம்டா உணரி புகைக்குழாயில் இருக்கிறது. எரிந்த வாயு அங்கே வந்து சேர்ந்து, உணரி அதை உணர்ந்து, எண்ணாக மாற்றுவதற்குள் எஞ்சின் வேகம் மேலே போயிருக்கும். ஒரு வரியில் தெரியும் லாம்டா உண்மையில் ஓரிரு வரிகளுக்கு முந்தையது. பேச்சையும் எழுத்துப்படியையும் நேரத்தில் பொருத்தாமல் ஆய்வு செய்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகும்: தவறான கட்டத்தைத் திருத்துவோம். மேலும், 6,000 சுழற்சியில் நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து நொடிக்கு 200 முறை எரிதல் நிகழ்கிறது. பதிவின் ஒரு வரிக்குள் இருபது எரிதல்கள் அடக்கம். ஒரு வரியின் நீளம் பத்தில் ஒரு நொடி. நம் பேச்சில் ஒரு குறில் ஒலிக்கும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடிப்பாலும் அளந்தவர் மரபில் வந்து, ஒரு மாத்திரைக்குள் இருபது வெடிப்புகள் நிகழும் பொருளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஓட்டத்தில் 5,000 சுழற்சி வரை லாம்டா 0.87இல் ஒழுங்காக நின்றது. அதன் பிறகு ஏறத் தொடங்கி 6,000ஐக் கடந்தபோது 0.97 ஆயிற்று. எரிபொருள் போதவில்லை. நான் உடனே அட்டவணையில் அந்தக் கட்டங்களில் பத்து விழுக்காடு கூட்ட முற்பட்டேன். அப்பா கையைப் பிடித்தார். "கொடுக்கச் சொன்னது வரலயா, கொடுக்கச் சொன்னதே கம்மியா? முதல்ல அதச் சொல்லு."

பதிவில் எரிபொருள் அழுத்தத்தைப் பார்த்தேன். 3 பாரில் இருக்க வேண்டியது 2.4ஆக இறங்கியிருந்தது. தெளிப்பான் வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கணக்கிட்டால் சரியாகப் பதினோரு விழுக்காடு குறைவு. லாம்டா 0.87 ஏன் 0.97 ஆனது என்பதற்கு முழு விடையும் அதிலேயே இருந்தது. அட்டவணை சரி, பம்பு கொடுக்கவில்லை. ஆனால் பம்பு ஏன் கொடுக்கவில்லை என்று எந்த வரியும் சொல்லவில்லை. அப்பா பின்னிருக்கையைத் தூக்கினார். பம்புக்குப் போகும் கம்பியின் இணைப்பி பழுப்பேறி உருகியிருந்தது. முன்னே பேட்டரியில் 13.9 வோல்ட், பம்பின் வாயில் 10.8. தடிமனான கம்பி இழுத்து, தனி ரிலே போட்டார். ஒன்றரை மணி நேரம். அடுத்த ஓட்டத்தில் லாம்டா கடைசிவரை கோடுபோல நின்றது. நான் நினைத்தபடி எண்ணைக் கூட்டியிருந்தால், ஒரு நோயை மறைத்துவிட்டு, என்றோ ஒருநாள் நல்ல கம்பி போடப்படும்போது எரிபொருள் வழிந்தோடும் எஞ்சினை உருவாக்கியிருப்பேன்.

அன்று மதியம் நானும் அப்பாவும் தேநீர் குடித்தபோது இருவரும் மகிழ்ச்சியாக இருந்தோம். பதிவு என்ன நடந்தது என்று சொல்கிறது. ஏன் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் என் அப்பா. பதிவை அப்படியே முடித்திருந்தால் அழகான பதிவாக இருந்திருக்கும்.

மாலையில் பொறியின் கோணத்தைச் சரிசெய்யத் தொடங்கினோம்.

பொறி சற்று முன்னதாகப் பற்றினால் திறன் கூடும். மிகவும் முன்னதாகப் பற்றினால், சுடர் சென்று சேர்வதற்குள் மூலையில் ஒதுங்கியிருக்கும் கலவை அழுத்தம் தாங்காமல் தானே வெடிக்கும். அதுதான் தட்டல். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டரின் சுவர்களுக்கு இடையே மோதி மோதி ஒலிக்கிறது. அதன் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது சிலிண்டரின் அகலமும் சூடான வாயுவில் ஒலியின் வேகமும்தான். வாயறையின் அளவும் வடிவும் உயிரொலியைத் தீர்மானிப்பதுபோல. இந்தக் காரின் சிலிண்டர் விட்டம் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர்; அதற்கு 7.6 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. நம் பேச்சில் அந்த உயரத்தில் வலுவாக ஒலிக்கும் ஒரே வகை ஒலி ஸகரம் போன்ற உரசொலி. என் ஆய்வுப்பொருள். பழைய தொலைபேசி இணைப்பு 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கடத்தாது. அதனால்தான் தொலைபேசியில் 'எஸ்'ஸும் 'எஃப்'பும் குழம்புகின்றன. அதனாலேயே கடுகுச் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்டு யாரும் எதுவும் சொல்ல முடியாது.

டைனோ கூடத்தில் எஞ்சினோடு ஒரு செப்புக்குழாயைப் பிணைத்து, அதிலிருந்து ரப்பர் குழாய் வழியே காதுக்கவசத்துக்குள் ஒலியைக் கொண்டுவரும் ஏற்பாடு இருந்தது. அப்பாவின் திருப்புளிக்குத் தம்பி. அப்பா அதை மாட்டிக்கொண்டு நின்றார். 30 டிகிரியில் ஓட்டம் முடிந்தது. கட்டைவிரலை உயர்த்தினார். "சுத்தமா இருக்கு. இன்னும் ஒரு டிகிரி ஏத்தலாம்."

பதிவைப் பார்த்தேன். 3,900 முதல் 4,400 சுழற்சி வரை தட்டல் உணரியின் மின்னழுத்தம் சிதறிச் சிதறி மேலே குதித்திருந்தது.

தட்டல் உணரி என்பது எஞ்சினில் திருகப்பட்ட ஒரு படிகம். அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும். வால்வு ஓசையையும் தட்டல் என்று அது தவறாகக் காட்டுவதுண்டு. எனவே அப்பா, "அது பொய் சொல்லுது" என்றார். சொல்லக்கூடியதே. எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினோம். அதே இடத்தில் அதே குதிப்பு. மூன்றாம் முறை கவசத்தை நான் மாட்டிக்கொண்டேன்.

4,000ஐத் தாண்டியதும் கேட்டது. சூடான எண்ணெயில் ஒரு கை கடுகு.

கையை அசைத்து நிறுத்தச் சொன்னேன். கவசத்தைக் கழற்றி அப்பாவைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "கேட்டுச்சா?" என்றார். "ஆமாப்பா." சற்று நேரம் எதுவும் பேசவில்லை. அந்த இளைஞர் பக்கத்தில் நின்றதால் நானும் பேசவில்லை. பிறகு, "மூணு டிகிரி குறைச்சிடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

குறைத்தேன். 27 டிகிரியில் குதிப்பு அடங்கியது. இழந்தது ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. அந்த ஒரு டிகிரியை அவர் சொன்னபடி ஏற்றி, காரைத் தடத்தில் விட்டிருந்தால் பிஸ்டன் உடைந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இரவு என் ஆய்வுப் பதிவுகளைத் திறந்தேன்.

என் ஆய்வின் முதல் தகவலாளர் அப்பாதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், முதல் சோதனைப் பதிவுக்கு வேறு யாரையும் அழைக்கக் கூச்சமாக இருந்தபோது அவரை உட்காரவைத்தேன். பேசவைத்தேன்; பிறகு, ஸகரமும் ஷகரமும் வேறுபடும் சொற்களை ஒலிக்கவிட்டு, எது கேட்டது என்று சொல்லச் சொன்னேன். அவர் பாதிக்குப் பாதி தவறினார். நான் அதை அழகாக விளக்கியிருந்தேன்: முதியோர் தலைமுறையில், தமிழின் ஒலியமைப்பு காரணமாக, இவ்விரு ஒலிகளும் ஒன்றாகவே உணரப்படுகின்றன என்று. இரண்டாம் இயலின் ஒரு பகுதியே அதன்மேல் நின்றது. மற்றவர்களைச் சோதித்தபோது செவித்திறனை முன்கூட்டிச் சரிபார்த்தேன். அது ஆய்வு முறை. அப்பாவைச் சரிபார்க்கவில்லை. அப்பாவின் காதைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எஞ்சினையே காதால் படிப்பவர் அவர்.

பதிவுகளை முழுமையாகக் கேட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் பதினேழு முறை, "என்னம்மா சொன்ன?" என்கிறார். என் எழுத்துப்படியில் அந்த வரிகள் ஒன்றுகூட இல்லை. ஆய்வுக்குத் தேவையற்றவை என்று வெட்டியிருந்தேன். அப்பாவின் செவி மங்கிக்கொண்டிருந்ததைக் காட்டும் பதிவு இரண்டு ஆண்டுகளாக என்னிடமே இருந்தது. குப்பை என்று நான் நீக்கிய வரிகள்தாம் அந்தப் பதிவு.

அடுத்த வாரம் செவித்திறன் சோதனைக்கு அழைத்துப்போனேன். வர மறுத்தார்; அம்மா, "அடுப்புல நான் தாளிக்கிறதே உங்களுக்குக் கேக்கல, எஞ்சினுக்குள்ள தாளிக்கிறதா கேக்கப்போகுது" என்ற பிறகு வந்தார். அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. வரைபடத்தில் தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கோடு செங்குத்தாக விழுந்து, 4இல் பள்ளமாகி, அதற்கு மேலும் எழவில்லை. இரைச்சலால் ஏற்படும் செவியிழப்பின் அடையாளம் 4 கிலோஹெர்ட்ஸில் விழும் அந்தப் பள்ளம். வயது அதற்கு மேலுள்ள பகுதியை எடுத்துக்கொள்கிறது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்கான வரம்பு. 85ஐத் தாண்டினாலே நாளடைவில் செவிக்குக் கேடு. தகரம் தட்டுதல், காற்றுத் துப்பாக்கி, கிரைண்டர் எல்லாம் இதைத் தாண்டுபவை. சிவாஜிநகர்ச் சந்திலுள்ள இரண்டு கார் பட்டறைக்குள் டெசிபல் அளக்க யார் வரப்போகிறார்கள்?

மீண்டும் வளராத உயிரணுக்கள் என்று மருத்துவர் சொன்னார். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது எத்தன வருஷமா இருக்கும்?" பத்து ஆண்டாவது இருக்கலாம் என்றார் அவர். வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா பேசவில்லை. பத்து ஆண்டுகளில் தன் கையால் போன கார்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் வேலை பார்த்த கார்களில் பெரும்பாலானவற்றில் தட்டல் உணரியும் கணினியும் இருந்து, அவர் கேட்காததைக் கேட்டுத் தாமே கோணத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும் என்றேன். உண்மைதான். ஆறுதலாக இருந்ததா என்று தெரியாது.

இன்னொரு வேலை பாக்கியிருந்தது. இளைஞரின் கார் சென்னைக்குப் போக வேண்டும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அழுத்தம் 91 கிலோபாஸ்கல் அளவில்தான். டர்போ இல்லாத எஞ்சின் முழு மிதியிலும் அதற்கு மேல் உறிஞ்ச முடியாது. எனவே எங்கள் அட்டவணையில் 95, 100 என்ற நெடுவரிசைகளில் ஒரு கட்டத்தைக்கூட எந்த ஓட்டமும் தொட்டதில்லை. சென்னையில் அழுத்தம் 101. கார் முதல்முறை முழு மிதியில் ஓடும்போது நாங்கள் ஒருபோதும் சோதிக்காத கட்டங்களில்தான் ஓடும், அதுவும் பத்து விழுக்காடு கூடுதல் காற்றோடும் சென்னை வெயிலோடும். தொகுப்பில் ஒரு சொல் இல்லை என்பதால் மொழியில் அது இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் துறையின் பாலபாடம். அதை முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன்.

அந்த நெடுவரிசைகளில் கோணத்தை மேலும் 2 டிகிரி குறைத்து 25 என்று எழுதினோம். முதல் சுற்றில் ஒரே ஒரு நேர்பாதையில் மட்டும் முழு மிதி. பிறகு நிறுத்தி, பதிவை அனுப்ப வேண்டும். நாங்கள் சொன்ன பிறகே அடுத்தது என்று இளைஞரிடம் உறுதி வாங்கினோம். அந்தச் சனிக்கிழமை காலை பட்டறையில் இருவரும் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கோப்பு வந்தது. அழுத்தம் 99. லாம்டா 0.86. தட்டல் கோடு தரையோடு தரையாக. அப்பா தன் கறைபடிந்த விரலை மடிக்கணினித் திரையில் வைத்து அந்தக் கோட்டின் நெடுகிலும் ஓட்டினார். வரைபடத்தை அவர் படித்து நான் பார்த்தது அதுவே முதல்முறை. "ஓட்டச் சொல்லு" என்றார்.

அன்று மாலைதான் எனக்கு அது தோன்றியது. டைனோவில், செப்புக்குழாயின் முனையில் என் களப்பணி ஒலிவாங்கியை ஒட்டவைத்துப் பதிவு செய்திருந்தேன். 30 டிகிரி ஓட்டத்தில் தட்டல் வந்த அரை நொடியை வெட்டி எடுத்து, நான்கு மடங்கு மெதுவாக்கினேன். மெதுவாக்கினால் அதிர்வெண்ணும் நான்கில் ஒன்றாகும்: 7.6 என்பது 1.9 கிலோஹெர்ட்ஸாக இறங்கும். அப்பாவின் வரைபடத்தில் அந்த இடம் இன்னும் நலமாக இருக்கிறது. ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். கடுகு இல்லை இப்போது. தகரத்தில் விழும் ஆலங்கட்டி போல இருந்தது. மூன்று முறை கேட்டார்.

"இதுதான்," என்றார். "இது எனக்குத் தெரியும்."

திருத்திய இயலில் முதல் தகவலாளரின் தரவை நீக்கிவிட்டேன். முதியோர் தலைமுறை பற்றிய முடிவு ஏறத்தாழ கரைந்துவிட்டது. செவி நன்றாக உள்ள முதியோர் இரு ஒலிகளையும் வேறுபடுத்தவே செய்கிறார்கள். வெட்டியெறிந்த "என்னம்மா சொன்ன?" எல்லாவற்றையும் எழுத்துப்படிகளில் மீண்டும் சேர்த்திருக்கிறேன், எல்லாத் தகவலாளர்களுக்கும். நெறியாளர் நன்று என்றார். ஆறு மாத வேலை கூடியிருக்கிறது.

அப்பா இப்போதும் திருப்புளியைக் காதில் வைக்கிறார். பேரிங்கும் வால்வும் தாழ்ந்த குரலில் பேசுபவை. அவை அவருக்குக் கேட்கின்றன. தட்டலுக்கு மட்டும் திரையைப் பார்க்கிறார், அல்லது பையன்களில் ஒருவனைக் கேட்கச் சொல்கிறார். பையன்கள் எல்லோருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்திருக்கிறார். போடாதவனுக்குத் தக்கினியில் விழும் வசவு எங்கள் சந்து முழுக்கக் கேட்கும்.

இதைப் படிப்பவர்களில் பலருடைய வீட்டிலும் தறியிலோ அச்சகத்திலோ பட்டறையிலோ பேருந்தின் எஞ்சின் பக்கத்திலோ முப்பது நாற்பது ஆண்டு வேலை செய்த ஒருவர் இருக்கக்கூடும். அவர் "என்ன சொன்ன?" என்று எத்தனை முறை கேட்கிறார் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். பிறகு ஒரு சோதனைக்கு அழைத்துப் போங்கள்.